சீழ் எங்கிருந்து வருகிறது? உடம்பிலேயே குடியிருக்கும் கிருமிகளின் கதை

1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையின் பிணப் பரிசோதனை அறையில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடன் வேலை பார்த்த சி. எஸ். கிருஷ்ணசாமியும் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மார்பின் ஊசிப் பழக்கத்தில் எலும்பும் தோலுமாகி இறந்தவர்களின் நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் எங்கும் சீழ்க்கட்டிகள். அவற்றிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த கிருமி அதுவரை எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அடுத்த ஆண்டே அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மெலியோய்டோசிஸ் என்று இன்று அழைக்கப்படும் அந்த நோயை உலகம் முதலில் அறிந்தது நம் ரங்கூனிலிருந்து, அதாவது இன்றைய யாங்கோனிலிருந்துதான். கண்டுபிடித்த இருவரில் ஒருவர் பெயர் கிருஷ்ணசாமி என்பது இங்குள்ள தமிழர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அந்தக் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் வயலில் இறங்குகிறவரின் கால் வெடிப்பு வழியாக உள்ளே போகும். சீழ் என்றதும் நம் மனதில் வரும் படமும் இதுதான்: வெளியே இருந்த ஏதோ ஒன்று உள்ளே புகுந்துவிட்டது. துருப்பிடித்த ஆணி, சேறு, அழுக்குத் தண்ணீர், யாரோ இருமியது.

ஆனால் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, வருகிற சீழ் ஒவ்வொன்றையும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்க முடிந்தால் பதில் வேறு மாதிரி இருக்கும். பல்லடியில் கட்டிய சீழ், வெடித்த குடல்வால், பிரசவத்துக்குப் பின் அடிவயிற்றில் தேங்கியது, சர்க்கரை நோயாளியின் காலில் நாறும் புண், நாற்றக் கோழை துப்பும் நுரையீரல் எல்லாவற்றிலும் பெரும்பாலும் குற்றவாளி அந்த நோயாளியின் உடம்பிலேயே வருஷக்கணக்காகக் குடியிருந்த கிருமிதான். அது யாரிடமிருந்தும் ஒட்டவில்லை, யாருக்கும் ஒட்டப்போவதும் இல்லை. இடம் மாறியது, அவ்வளவுதான்.

யார் இந்தக் குடியிருப்பவர்கள்? ஒரு சராசரி ஆணின் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. உடம்பின் சொந்த செல்களும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான். மனித செல் ஒன்றுக்குப் பத்து பாக்டீரியா என்று இப்போதும் பல இடங்களில் எழுதுகிறார்களே, அது பழைய கணக்கு. இந்தக் கூட்டத்தில் மிகப் பெரும்பங்கு பெருங்குடலில் இருக்கிறது. இரைப்பையில் அமிலம் இருப்பதால் அங்கே சொற்பம். சிறுகுடலில் கீழே போகப்போக எண்ணிக்கை ஏறும். பெருங்குடலில் ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடி. எல்லோருக்கும் தெரிந்த ஈ.கோலை அங்கே சிறுபான்மை. அது ஒன்று இருந்தால் ஆக்சிஜன் வேண்டாத அனேரோபிக் பாக்டீரியா பல நூறு, சில இடங்களில் ஆயிரம் இருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கிலும் இதே விகிதம்தான். பெண்ணுறுப்பின் உட்பகுதியிலும், தோலில் மயிர்க்கால்களின் அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளிலும் வேறு வேறு வகை அனேரோப்கள் உண்டு.

காற்று படும் வாய்க்குள் காற்று ஆகாத கிருமி எப்படி வாழ்கிறது? இந்த இடத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது செல்லுக்குள் சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான கழிவுகள் உண்டாகும். நம் செல்களிலும் ஈ.கோலையிலும் அவற்றை முறிக்கும் நொதிகள் தாராளமாக உண்டு. அனேரோப்களில் பலவற்றுக்கு அவை இல்லை, அல்லது போதாது. அதனால் ஆக்சிஜன் பட்டால் சில உடனே சாகும், சில வளராமல் முடங்கிக் கிடக்கும். ஆனால் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும் வேறு பாக்டீரியா பக்கத்தில் இருந்துவிட்டால் அந்தச் சின்ன இடத்தில் ஆக்சிஜன் இருக்காது. பல்காரையின் மேலடுக்கில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, அடியில் ஃபியூசோபாக்டீரியம், பிரிவோடெல்லா போன்ற அனேரோப்கள் நிம்மதியாக இருக்கின்றன.

பிறந்த குழந்தையின் குடலிலும் இதே வரிசையைப் பார்க்கலாம். முதல் நாட்களில் குடலில் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும். ஈ.கோலை போன்றவை முதலில் குடியேறி அதைத் தீர்க்கின்றன. பிறகுதான் அனேரோப்கள் வந்து சேர்கின்றன. அவை வந்தபின் பெருங்குடல் என்றென்றைக்கும் அவற்றின் ஊர்தான். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல குடல் உருவாகும்போது நடக்கும் இதே விஷயம் அப்படியே வயிற்றுக்குள் சீழ் உருவாகும்போதும் நடக்கிறது.

இத்தனை கோடி இருந்தும் நாம் நன்றாக இருப்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, சளிச்சவ்வு என்ற வேலி. குடலின் உட்சுவரும் ஈறின் தோலும் முழுசாக இருக்கும்வரை அவை அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். இரண்டாவது, இரத்தம். நல்ல இரத்த ஓட்டமுள்ள சதையில் ஆக்சிஜன் ஏராளம். வேதியியல் கணக்கில் அங்கே சுமார் +120 மில்லிவோல்ட் அளவுக்கு ஆக்சிஜனேற்ற நிலை இருக்கும். பல்லிடுக்கின் ஆழத்திலோ செத்த சதையிலோ அது பூஜ்யத்துக்குக் கீழே போய் -200ஐ ஒட்டி நிற்கும், அனேரோப்களுக்கு ஏற்றது அந்த நிலைதான். அனேரோப் ஒன்று தப்பித்தவறி நல்ல சதைக்குள் விழுந்தால் பெருகாது. பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் வந்தால் ஒவ்வொரு தடவையும் சில கிருமிகள் இரத்தத்துக்குள் போகத்தான் செய்கின்றன. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

வேலியும் உடைந்து இரத்தமும் குறைந்தால்தான் வினை. அடி, அறுவைச் சிகிச்சை, அடைப்பு, புற்றுக்கட்டி, சர்க்கரையால் சுருங்கிய தமனி, நசுங்கிய சதை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். முதலில் ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைக்கும் ஈ.கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை பெருகி மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தீர்க்கும். பிறகு அனேரோப்கள் எழும். அவை வெளிவிடும் சக்சினிக் அமிலம் போன்றவை வெள்ளணுக்களின் வேலையை மந்தமாக்கும். வெள்ளணு கிருமியைக் கொல்லப் பயன்படுத்தும் முக்கியமான ஆயுதத்துக்கே ஆக்சிஜன் தேவை, அது அங்கே இல்லை. அனேரோப்களின் நொதிகள் சதையைக் கரைக்கும், சின்ன இரத்தக் குழாய்கள் உறைந்து அடைபடும், ஆக்சிஜன் இன்னும் குறையும். தனக்கு வேண்டிய சூழலைத் தானே உண்டாக்கிக்கொண்டு பரவும் தொற்று இது.

இதனால்தான் அனேரோபிக் சீழில் ஒரே ஒரு கிருமி இருப்பது அபூர்வம். நான்கு, ஐந்து, சில சமயம் அதற்கும் மேல். ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்று பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் இங்கே உதவாது. 1920களின் கடைசியில் டேவிட் ஸ்மித் என்ற அமெரிக்க மருத்துவர் ஈறுநோய் உள்ளவர்களின் பல்லிடுக்கிலிருந்து எடுத்ததை விலங்குகளின் மூச்சுக்குழாயில் விட்டுப் பார்த்தார். மனிதர்களுக்கு வருவது போன்ற நுரையீரல் சீழ்க்கட்டி வந்தது. அதிலிருந்து கிருமிகளைத் தனித்தனியாகப் பிரித்து விட்டபோது அந்த நோய் வரவில்லை. பலவற்றைச் சேர்த்து விட்டபோதுதான் வந்தது.

பல்லிடுக்கு என்றதும் நம் ஊரில் கூன்யாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. யாங்கோனில் தெருமுனைக்குத் தெருமுனை கூன்யா தட்டு இருக்கிறது. வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு, பெரும்பாலும் புகையிலை. தமிழர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. தாத்தா காலத்து வெற்றிலைப் பெட்டி போய், இப்போது பிளாஸ்டிக் பையில் பத்துப் பத்தாகச் சுருட்டி வாங்குகிறார்கள். புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை பலருக்குத் தெரியும். ஈறு பற்றி யாரும் சொல்வதில்லை. பாக்கு மெல்பவர்களிடம் ஈறுநோய் அதிகம் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சக்கை கன்னத்தில் அடைந்து கிடக்கும், பல்லில் கறை ஏறி அதன்மேல் காரை படியும், ஈறு பின்வாங்கும். நல்ல வாயில் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் ஆழமிருக்கும் இடுக்கு ஐந்து, ஆறு, எட்டு என்று பையாக இறங்கும். அந்தப் பைதான் அனேரோப்களுக்கு ஏற்ற இடம். பல்லும் உதடும் சிவந்திருப்பதால் ஈறு சிவந்திருப்பதும் இரத்தம் கசிவதும் கண்ணில் படுவதில்லை. துப்பினால் சிவப்பாக வருவது வெற்றிலைச் சாறா, இரத்தமா என்று யார் பார்ப்பது?

அப்புறம் ஒரு நாள் கடைவாய்ப் பல் வலிக்கும், கன்னம் வீங்கும். அடுத்தது மருந்துக் கடை.

“அக்கா, பல்லு வீங்கிப் போச்சு. ஒரு நாலு வேளைக்கு மருந்து போட்டுக் குடுங்க.”

“வலி மட்டுமா, காய்ச்சலும் இருக்கா தம்பி?”

“லேசா இருக்கு.”

மூன்று நிற மாத்திரைகள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொட்டலத்தில் வரும். ஒன்று வலிக்கு, ஒன்று வீக்கத்துக்கு, ஒன்று ஆன்டிபயாடிக். எது எது என்று மேலே எழுதியிருக்காது. இரண்டு நாளில் வலி இறங்கும். மீதி மாத்திரை அலமாரிக்குப் போகும். கடைக்கார அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாக்டரிடம் போனால் ஆகும் செலவும் நேரமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வலி இறங்கியதற்கும் சீழ் போனதற்கும் சம்பந்தமில்லை. பல்லின் வேர் நுனியில் மூடிய பையாகக் கிடக்கும் சீழுக்குள் இரத்தக் குழாய் கிடையாது. இரத்தத்தில் ஏறிய மருந்து அங்கே போதுமான அளவு போய்ச் சேராது. பல்லைத் திறந்தோ பிடுங்கியோ சீழ் வெளியேறினால்தான் தீரும்.

கீழ்த் தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு ஒரு விசேஷ ஆபத்து உண்டு. வாயின் அடித்தளமாக விரிந்திருக்கும் தசை தாடை எலும்பில் ஒட்டும் கோட்டுக்குக் கீழேதான் அவற்றின் வேர் நுனி முடிகிறது. அதனால் அங்கே கட்டும் சீழ் வாய்க்குள் உடையாமல் கழுத்துப் பக்கம் இறங்கிவிடும். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பலகை போல விறைத்து வீங்கி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, எச்சில் முழுங்க முடியாமல், கடைசியில் மூச்சே அடைபடும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836இல் விவரித்த நோய் இது, இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. வாயைத் திறக்க முடியவில்லை, நாக்கு உயர்ந்திருக்கிறது, குரல் மாறிவிட்டது என்றால் அது மருந்துக் கடைக்குப் போகும் நேரமில்லை. நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம். தொண்டையிலிருந்து இதே கூட்டம் கழுத்தின் பெரிய சிரைக்குள் இறங்குவதும் உண்டு. 1936இல் ஆந்த்ரே லெமியேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் அப்படிப்பட்ட இருபது பேரைப் பற்றி எழுதினார். பதினெட்டுப் பேர் பிழைக்கவில்லை. ஆன்டிபயாடிக் வருவதற்கு முந்திய காலம் அது.

வாயிலிருந்து இன்னொரு வழி கீழே நுரையீரலுக்கு. தூங்கும்போது கொஞ்சம் எச்சில் மூச்சுக்குழாயில் இறங்குவது ஆரோக்கியமானவர்களில் பாதிப்பேருக்கு நடப்பதுதான். இருமலும் மூச்சுக்குழாயின் நுண்மயிர்களும் அதைத் திருப்பித் தள்ளிவிடும். குடித்துவிட்டு நினைவில்லாமல் படுத்தவர், வலிப்பு வந்தவர், பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி போனவர், மயக்க மருந்தில் இருப்பவர் இவர்களால் அப்படித் தள்ள முடியாது. ஈறும் கெட்டிருந்தால் இறங்கும் ஒவ்வொரு துளியிலும் கோடிக்கணக்கில் அனேரோப் இருக்கும். வலது மூச்சுக்குழாய் நேராக இறங்குவதால் பெரும்பாலும் வலது நுரையீரல். மல்லாந்து படுத்திருந்தால் முதுகுப் பக்கமாக உள்ள பகுதிகள். பல்லே இல்லாத பொக்கை வாய்க்காரருக்கு இந்த நோய் வருவது அரிது என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பல் இல்லையென்றால் இடுக்கு இல்லை, இடுக்கு இல்லையென்றால் அந்தக் கூட்டமும் இல்லை.

நம் நாட்டில் இதில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. நுரையீரல் சீழ்க்கட்டி நிமோனியா மாதிரி இரண்டு நாளில் ஆளைச் சாய்க்காது. வாரக்கணக்கில் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல், எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு குழி. இதைக் கேட்டதும் மியன்மரில் யாருக்கும் டிபி ஞாபகம்தான் வரும். வர வேண்டியதும்தான், ஏனென்றால் டிபி அதிகமுள்ள நாடுகளின் உலகப் பட்டியலில் நாம் இருக்கிறோம். வித்தியாசம் காட்டும் குறிகள் சில உண்டு. கோழையின் நாற்றம் முதலாவது. பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம் டிபியில் வழக்கமில்லை. குழிக்குள் பாதி காற்று, பாதி சீழ் நின்று எக்ஸ்ரேயில் நேர்கோடாகத் தெரிவது இன்னொன்று. கெட்ட பல், குடி, வலிப்பு என்ற பின்னணி மூன்றாவது. இருந்தாலும் கோழைப் பரிசோதனை செய்யாமல் இது டிபி இல்லை என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கிறவர்களும் உண்டு. சர்க்கரை நோயாளியாக இருந்தால் விட்மோரும் கிருஷ்ணசாமியும் கண்ட அந்த மண் கிருமியையும் டாக்டர் கணக்கில் எடுத்தாக வேண்டும். அதற்கு மருந்தே வேறு.

வயிற்றுக்கு வருவோம். 1898இலேயே பாரிஸில் வெய்யோன், ஸுபேர் என்ற இருவர் குடல்வால் அழற்சியின் சீழில் அனேரோப்களைக் கண்டு எழுதிவிட்டார்கள். பிற்பாடு பாக்டீராய்டிஸ் ஃபிராஜிலிஸ் என்று பெயர்பெற்ற கிருமியும் அதில் ஒன்று. ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு மேல் பெரும்பாலான டாக்டர்கள் ஈ.கோலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டில் எது சுலபமாக வளர்கிறதோ அதுதானே கண்ணில் படும்.

இதைத் தெளிவாக்கியது 1970களின் நடுவில் அமெரிக்காவில் எலிகளை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் இதைவிட அழகான பரிசோதனை இல்லை. எலியின் பெருங்குடலில் உள்ளதை எடுத்து, ஜெலட்டின் கூட்டில் அடைத்து, வேறு எலிகளின் வயிற்றறைக்குள் வைத்தார்கள். குடல் வெடித்தால் என்ன ஆகுமோ அதற்கு இது மாதிரி. நோய் இரண்டு கட்டமாக வந்தது. முதல் சில நாட்களில் கடுமையான வயிற்றுறை அழற்சி. சுமார் 37 சதவீத எலிகள் செத்தன, அவற்றின் இரத்தத்தில் ஈ.கோலை இருந்தது. பிழைத்தவை தேறிவிட்டன என்று பார்த்தால், ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது அத்தனை எலிகளின் வயிற்றிலும் சீழ்க்கட்டி, அதில் அனேரோப்களின் ஆதிக்கம்.

அடுத்ததாக மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஈ.கோலையைக் கொல்லும் ஜென்டாமைசின் மட்டும் கொடுத்தபோது சாவு 4 சதவீதமாக இறங்கியது. ஆனால் பிழைத்தவற்றில் 98 சதவீதத்துக்குச் சீழ்க்கட்டி. அனேரோப்களைக் கொல்லும் கிளிண்டாமைசின் மட்டும் கொடுத்தபோது நேர்மாறாக 35 சதவீதம் செத்தன, சீழ்க்கட்டி 5 சதவீதத்துக்குத்தான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது சாவு, சீழ்க்கட்டி இரண்டுமே சேர்ந்து குறைந்தன. கொல்வது ஒருவன், கட்டியாகத் தங்குவது வேறொருவன். குடல்வால் வெடித்து அறுவை செய்தவருக்கு டாக்டர் இரண்டு வகை ஆன்டிபயாடிக் எழுதுவது பணம் பறிக்கத்தான் என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு இந்த எலிக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

பாக்டீராய்டிஸ் ஃபிராஜிலிஸ் பெருங்குடல் கூட்டத்தில் ஓரிரு சதவீதம்தான். ஆனால் வயிற்றுச் சீழில் மற்ற எல்லா அனேரோப்களையும்விட அடிக்கடி கிடைப்பது அதுதான். காரணம், அதற்கொரு சர்க்கரைப் பொருளாலான மேலுறை இருக்கிறது. கிருமியே இல்லாமல் அந்த உறைப்பொருளை மட்டும் எலியின் வயிற்றில் வைத்தாலும் சீழ்க்கட்டி உண்டானது. கிருமி பரவாமல் தடுக்க உடம்பு கட்டும் சுவர்தான் கட்டியாகிறது, அந்தச் சுவரைக் கட்டத் தூண்டுவது இந்த உறை. இதில் வேடிக்கை என்னவென்றால், 2005இல் ஹார்வர்டைச் சேர்ந்த டென்னிஸ் காஸ்பரின் ஆய்வகம், அதே கிருமியின் அதே உறைப்பொருள் குடலுக்குள் இருக்கும்போது எலியின் எதிர்ப்பு சக்தி சரியாக வளர உதவுகிறது என்று காட்டியது. கிருமியும் ஒன்று, பொருளும் ஒன்று. சுவருக்கு உள்ளே நன்மை, வெளியே சீழ். நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று தயிர் விளம்பரத்தில் பிரித்துச் சொல்வதை நான் அதிகம் நம்பாததற்கு இதுதான் காரணம்.

பெண்களின் அடிவயிற்றுத் தொற்றுகளிலும் கணக்கு இதேதான். பிரசவம், கருச்சிதைவு, கருப்பை அறுவை இவற்றுக்குப் பின் அங்கேயே இருக்கும் அனேரோப்கள் மேலே ஏறுகின்றன. சுத்தமில்லாத முறையில் கருக்கலைப்பு செய்துகொண்டு, வெளியே சொல்ல வெட்கப்பட்டுக் காய்ச்சலோடு வீட்டில் கிடப்பது உயிரைக் குடிக்கும்.

கால் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மியன்மரில் 2014இல் நடந்த தேசிய ஆய்வில் 25 முதல் 64 வயதுள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. நாமோ வீட்டுக்குள் வெறுங்கால், கோயிலில் வெறுங்கால், ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போனாலும் வாசலிலேயே செருப்பையும் காலுறையையும் கழற்றியாக வேண்டும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் மதியம் சலவைக்கல் தரையில் நடக்கும்போது, நரம்பு மரத்த சர்க்கரை நோயாளிக்குப் பாதம் சுடுவதே தெரியாது. மாலையில் வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம். ஒரு வாரத்தில் அது உடைந்து புண். இரத்தக் குழாயும் சுருங்கியிருந்தால் புண்ணின் அடியில் ஆக்சிஜன் குறைந்து, முதலில் தோலிலிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ், பின்னால் அனேரோப்கள் என்று பழைய வரிசை மறுபடி தொடங்கும். மேலே சின்ன ஓட்டை, உள்ளே எலும்புவரை சுரங்கம். வலி இல்லாததால் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கட்டைப் பிரிக்கும்போது வரும் நாற்றம்தான் பலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது. கோயிலுக்கோ பகோடாவுக்கோ போகிற சர்க்கரைக்காரர்கள் விடியற்காலை போய்விட்டு, திரும்பி வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. குனிய முடியாதவர்களுக்கு ஒரு கைக்கண்ணாடி போதும், இல்லாவிட்டால் பேரப்பிள்ளை பார்க்கட்டும்.

அந்த நாற்றம் உண்டாக்குவது அனேரோப்கள் உணவைச் சிதைக்கும்போது வெளிவிடும் கொழுப்பு அமிலங்களும், கந்தகச் சேர்மங்களும், அமீன்களும். ஆக்சிஜனோடு வாழும் கிருமிகள் இப்படி நாறுவதில்லை. ஆகவே நாற்றம் இருந்தால் அனேரோப் இருக்கிறது என்று ஏறக்குறைய சாதித்துச் சொல்லலாம். நாற்றம் இல்லை என்பதால் அனேரோப் இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. பாதித் தொற்றுகளில் நாற்றமே இருப்பதில்லை. சதைக்குள் அழுத்தினால் நறநறவென்று காற்றுக் குமிழ் உணர்வதும், செத்துக் கறுத்த சதையும் மற்ற அடையாளங்கள்.

ஆய்வகத்தில் இவை சுலபத்தில் அகப்படுவதில்லை. புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி, அந்தக் குச்சி மேசையில் இரண்டு மணிநேரம் காய்ந்து, பிறகு சாதாரணத் தட்டில் தேய்த்தால், ஈ.கோலை வளரும், அனேரோப் எல்லாம் வழியிலேயே செத்திருக்கும். கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்று எழுதி வரும் சீழை நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமிகள் மொய்த்துக்கொண்டிருக்கும். அந்த முரண்பாடே அனேரோப்புக்கு ஒரு சாட்சி. சரியான வழி ஊசியால் ஆழத்திலிருந்து சீழை இழுத்து, சிரிஞ்சிலுள்ள காற்றை நீக்கி, ஆக்சிஜன் படாத பாத்திரத்தில் உடனே அனுப்புவது. அனேரோபிக் கல்ச்சர் வசதி எல்லா ஊரிலும் கிடையாது. அதனால்தான் பல டாக்டர்கள் இடத்தையும் மணத்தையும் வைத்தே ஊகித்து மருந்து எழுதுகிறார்கள். பெரும்பாலும் அந்த ஊகம் சரியாகவே இருக்கிறது.

மருந்துகளில் மெட்ரோனிடசோலை எல்லோருக்கும் தெரியும். சிலர் அதை வயிற்றுக் கடுப்பு மாத்திரை என்பார்கள். 1960ஐ ஒட்டி டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்காக வந்த மருந்து அது. 1962இல் இங்கிலாந்தில் அதற்காக இதை உட்கொண்ட ஒரு பெண்ணுக்கு, கூடவே இருந்த ஈறுப்புண்ணும் சேர்ந்து குணமாகிவிட்டது. அந்தச் செய்தியை ஷின் என்ற பல் மருத்துவர் லான்செட் இதழில் எழுதினார். அனேரோப்புகளுக்கு இது மருந்தென்று தெரிய வந்தது அப்படித்தான். இந்த மாத்திரை தானாக விஷம் அல்ல. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் செல்லுக்குள் போய், அங்குள்ள எலக்ட்ரான்களைப் பெற்ற பிறகுதான் கிருமியின் டிஎன்ஏவை உடைக்கும் பொருளாக மாறுகிறது. அதனால் ஆக்சிஜனில் வாழும் கிருமியை இது தொடாது. ஜென்டாமைசினுக்கு நிலைமை நேர் எதிர், கிருமிக்குள் நுழையவே ஆக்சிஜன் சார்ந்த இயக்கம் தேவை. இப்படி ஒவ்வொரு மருந்தும் கூட்டத்தில் ஒரு பகுதியைத்தான் தாக்குகிறது. பாக்டீராய்டிஸ் பெனிசிலினை உடைக்கும் நொதியை வைத்திருக்கிறது, வாயிலுள்ள பிரிவோடெல்லாவிலும் பலவற்றுக்கு இன்று அது உண்டு. நுரையீரல் சீழுக்கு மெட்ரோனிடசோல் மட்டும் கொடுத்தால் பல சமயம் தோற்றுப்போகும். வாயிலிருந்து கூடவே இறங்கிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அதற்கு அசையாது. பொட்டலத்தில் வரும் ஒற்றை ஆன்டிபயாடிக் இதில் எது என்று தெரியாமல் விழுங்குவதில் உள்ள சூதாட்டம் இதுதான்.

மூடிக் கிடக்கும் சீழை வெளியேற்றினால்தான் தீரும் என்று பல்லைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு நுரையீரல் சீழ் ஒரு விதிவிலக்கு. மூச்சுக்குழாய் வழியாக அது தானே இருமலில் வடிந்துகொள்ளும் என்பதால் பெரும்பாலும் கத்தி தேவைப்படாது. ஆனால் மருந்து வாரக்கணக்கில் போக வேண்டும், எக்ஸ்ரேயில் குழி மூடும்வரை. விவரம் தெரிந்த டாக்டர், காய்ச்சல் நின்று எடை ஏறத் தொடங்கியதும் நோயாளியைப் பல் டாக்டரிடம் அனுப்புவார். இங்கே பலர் இதைத் தட்டிக் கழிக்கிறார்கள். இருமலுக்கு வந்த என்னை ஏன் பல்லைப் பிடுங்கச் சொல்கிறார் என்று கோபித்துக்கொள்பவர்களும் உண்டு. ஆட்டங்கண்ட அந்த இரண்டு கடைவாய்ப் பற்களும், அவற்றைச் சுற்றியுள்ள எட்டு மில்லிமீட்டர் பையும் அப்படியே இருந்தால், அடுத்த தடவை அவர் நினைவின்றிப் படுக்கும் இரவில் மறுபடி இறங்குவது அங்கிருந்துதான்.